அரபியப்பாவின் சிவப்புத் தாடி

சாய்ந்தமருது,
ஒக்டோபர் 1981.

அன்பும் மதிப்பும் மிக்க றஸாக் காக்காவுக்கு, தங்கை ஸுலைஹா ஸலாத்துடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். ஜித்தாவில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு இந்தக் கடிதத்தை வாசிப்பது நல்லது.

இன்று காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் நான் முதலில் செய்த வேலை, அரபியப்பாவின் பிறைக் கத்தியால் ஒரு பாரை மீனை வெட்டியது. ஓம் காக்கா, அதே கத்திதான். நம்முடைய உம்மாவின் உம்மாவைப் பெற்ற வாப்பா, அரபு நாட்டிலிருந்து பாய்க்கப்பலில் வந்து இறங்கியபோது இடுப்பில் செருகியிருந்தார் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்த கத்தி. பச்சைத் துணி சுற்றி, வெள்ளிக்கிழமைதோறும் அத்தர் பூசி, இந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முடி இறக்குமுன் தலையில் தொட்டு எடுத்த கத்தி. ஜித்தாவுக்கு விமானம் ஏறப் போன அன்று நீங்களும் குனிந்து தலையில் தொட்டுக்கொண்டுதான் போனீர்கள். பாரையின் தோல் ஒரே இழுப்பில் வந்தது. தோலுக்கென்றே செய்த கத்தி அது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் கடிதம். அக்கரைப்பற்று மில்காரர் மீராசாஹிபு ஹாஜியார் தன் மகன் மசூருக்கு என் மகள் றபீக்காவைக் கேட்கிறார், அரபி வம்சம் என்பதால்தான் கேட்கிறார், கத்தியைப் பார்க்க வீட்டுக்கு வருவார், ஆகவே நன்றாகத் துலக்கி வை என்று எழுதியிருந்தீர்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் துலக்கிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். கீழே இன்னொன்றும் எழுதினீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கதையை றபீக்கா மறந்துவிட வேண்டும், அரபியப்பா வம்சத்துப் பெண்பிள்ளை கண்டிப் பக்கம் போய் விடுதியில் தங்குவதா என்று. காக்கா, அந்த வசனத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, எனக்கும் பேராதனையிலிருந்து கடிதம் வந்தபோது, இதே வசனத்தை இதே சொற்களில் சொன்னீர்கள். நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையோடு நின்றேன். நாற்பத்து மூன்று வயதில் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் இலக்கணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது குறைந்த வேலை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை நிறுத்தியது யார் என்று யோசிக்கும்போதெல்லாம் உங்கள் முகம் வருவதில்லை, பார்த்திராத ஓர் அரபியின் முகம்தான் வரும். அந்த முகத்தோடு எனக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்த்தேன். கறுப்பு விலக விலக அலகில் எழுத்து வந்தது. அரபு எழுத்தாக்கும் என்று ஒளு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயர், ஷெபீல்ட் என்று இங்கிலிஸில் இருக்கிறது. என் புருஷன் ஜவுபர் சைக்கிள் கடையில் இருந்து வந்து பார்த்துவிட்டு, "இங்கிலிஸ் கத்தி அரபு நாட்டுல வித்திரிப்பாங்க புள்ள, என்ட கடையில ஜப்பான் பெல் இரிக்கி, நான் என்ன ஜப்பான்காரனா?" என்றார். அது ஞாயம்தான் என்று பிடியில் சுற்றியிருந்த பச்சைத் துணியையும் அவிழ்த்தேன். நூறு வருஷ அத்தர் வாடையில் இரண்டு பேருக்கும் தும்மல். பிடி மரத்தில் சூடு போட்டு எழுதியிருந்தது, ஹொப்டே என்ற பெயரும், அதன் கீழே சேணம் தைப்பவர் என்பதற்கான இங்கிலிஸ் சொல்லும். ஜவுபர் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, "அந்தத் துணிய திருப்பிச் சுத்து" என்றார்.

நான் சுற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் கனகரெத்தினம் மாஸ்டரிடம், இந்தக் கரையில் எப்போதாவது குதிரை இருந்ததா என்று சும்மா கேட்டேன். அவருடைய பாட்டனார் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தென்னந்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாம். "துரைக்கு ஆறேழு குதிர நிண்டது டீச்சர். தோட்டம் வித்துப்போட்டுப் போகக்குள்ள ஒரு சேணத்த எங்கட ஆக்களுக்குக் குடுத்திட்டுப் போனவர். இப்பயும் மாட்டுக் கொட்டிலுக்குள்ள கிடக்கு. ஆனா அதில கோழி அடை கிடக்கு, பார்த்துத்தான் தொடணும்" என்றார். போனோம். ஜவுபரின் சைக்கிளில் பாதி வழியில் காற்றுப் போனது, சைக்கிள் கடைக்காரரின் சைக்கிள் என்று வழியெல்லாம் சிரித்தார்கள். கோழி என் கையில் கொத்தியது, ஜவுபரின் கையில் கொத்தியது, அதை வளர்க்கும் மாஸ்டரின் கையிலும் கொத்தியது. கடைசியில் மாஸ்டரின் மனைவி வந்து ஒரு கையால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க, சேணத்தின் உள்மடிப்பைத் திருப்பினேன். அதே ஹொப்டே, அதே சூட்டெழுத்து. வைக்கோலும் எச்சமுமாக இருந்தாலும் ஒரு தையல்கூட விடவில்லை. ஏனோ எனக்கு அந்த இடத்தில் பெருமையாக இருந்தது. கத்தி செருகி வந்த அரபிக்காக நான் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை.

அங்கிருந்து நேரே பாத்தும்மா சாச்சியிடம் போனேன். உம்மாவின் தங்கச்சிமாரில் இப்போது உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தானே, அரபியப்பாவின் மடியில் இருந்தவரும் அவர்தான். பயந்து பயந்து கத்தியை முன்னால் வைத்தேன். பாக்கை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஓம், அவர் சீமைக்காரன்தான். அதுக்கென்ன இப்ப?" என்றார்.

"ஏன் சாச்சி இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"ஆரு கேட்ட? இந்த ஊட்டு ஆம்புளையள் எங்களுக்கிட்ட கேக்கவா வந்தாங்க? சொல்லத்தானே வந்தாங்க."

துரையின் குதிரைகளுக்குச் சேணம் தைக்க வந்தவராம்; குதிரைகள் காய்ச்சலில் செத்து, துரையும் கப்பல் ஏறிய பிறகு, இவர் மட்டும் தங்கி வண்டில் மாட்டுக்குத் தோல் வார் தைத்துப் பிழைத்தாராம். உம்மாவின் உம்மாவைப் பெற்ற நம்முடைய மூத்தவள் நாச்சியாவின் வீட்டு வண்டிலுக்கும் வார் தைக்க வந்திருக்கிறார். "வார் தைச்சு முடியல்ல, நிக்காஹ் முடிஞ்சிது" என்றார் சாச்சி. கலிமாச் சொல்லி அப்துல்லாவானார். தாடி பிறவியிலேயே சிவப்பு. பள்ளிவாசலில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, மருதோண்டி பூசியிருக்கிறார், அரபு நாட்டுப் பெரியவராக்கும் என்று கேட்டார்களாம். "அவர் ஓம் எண்டார். அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுற. வேற தமிழ் வராது." இதுதான் காக்கா, நம்முடைய அரபு வம்சத்தின் முழு வரலாறு. ஒரு மனிதனுக்குத் தமிழ் தெரியாமல் போனதால் உண்டானது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. இந்தக் கரையில் குடி வம்சம் உம்மா வழியில்தானே வருகிறது? நீங்களும் நானும் நாச்சியாவின் குடி. வீடு அவளுடையது, வளவு அவளுடையது. வந்தவர் அரபியாக இருந்தால் என்ன, வெள்ளைக்காரராக இருந்தால் என்ன, மாப்பிள்ளையாகத்தானே வந்தார்? பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்தவள் அவள். தமிழ் தெரியாத, வேலையும் போன, செம்பட்டைத் தாடிக்காரன் ஒருத்தனை ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் வீட்டுக்குள் எடுத்தாளே, அந்தத் துணிச்சல்காரியைப் பற்றி யாரும் ஒரு வசனம் சொல்லவில்லை. அவள் வம்சத்துப் பெண்பிள்ளை விடுதியில் தங்கலாமா என்று அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

இந்த யோசனை சூடு ஆறுமுன் மீராசாஹிபு ஹாஜியார் வந்துவிட்டார். மனைவியும் கூட வந்தா. ஜவுபர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "ஒரு பொய் இவ்வளவு காலமும் இந்த ஊட்ட சும்மாதானே இருந்த, நிக்காஹ் முடியுமட்டும் இன்னும் ரெண்டு மாசம் இருந்தா என்ன?" என்று கெஞ்சினார். நான் கத்தியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஹாஜியாரின் முன்னால் வைத்தேன்.

"மாஷா அல்லாஹ், பிறையேதான்" என்றார். "இதால அவர் என்ன செஞ்ச?"

"தோல் வெட்டின."

"எந்தப் போருல?"

"பட்டறையில, ஹாஜியார்."

"அரபு நாட்டுல பட்டறையா?"

"இங்கிலாந்துல. குதிரைக்குச் சேணம் தைச்சவர். எங்கட மூத்தவள் நாச்சியா அவர மாப்பிள்ளையா எடுத்த."

ஹாஜியார் நான் வைத்த இனிப்பு வட்டிலப்பத்தில் ஒரு கரண்டியோடு எழும்பிவிட்டார். அவருடைய மனைவி மட்டும் தன் பங்கைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, போகும்போது என் காதருகில், "நல்ல வட்டிலப்பம்கா, புள்ளயப் படிக்க உடு" என்று சொல்லிவிட்டுப் போனா. மசூர் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். ஆனால் காரியம் முடிந்துவிட்டது. அந்த ஹொப்டே அப்பாவுக்கு நான் இரண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்டேன். என் காலத்தில் தவறவிட்டதை என் மகள் காலத்தில் வந்து திருத்திக் கொடுத்தார், நல்ல மனிதர். இனி றபீக்கா பேராதனைக்குப் போக என்ன தடை? உங்கள் சம்மதம் ஒன்றுதான். ஜவுபரும், "மச்சான் ஒரு வரி எழுதட்டும், அதுமட்டும் பொறுப்பம்" என்கிறார். நானும் பொறுத்திருக்கிறேன். மூத்தவர் சொல்லைத் தட்டி நடந்து எனக்குப் பழக்கமில்லை.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாமும் சொல்லுங்கள். உங்கள் கையில் பறக்கத்தையும் வாழ்வில் நீண்ட ஆயுளையும் அல்லாஹ் தர வேண்டும். கஃபாவுக்குப் போகும்போது எங்களையும், அந்த அப்துல்லாவையும், மறக்காமல் நாச்சியாவையும் சேர்த்துத் துஆக் கேளுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
ஸுலைஹா

பின்குறிப்பு: மேலே ஹொப்டே அப்பாவைப் பற்றி எழுதிய நல்ல வார்த்தைகளை வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஹாஜியார் திரும்பி வந்துவிட்டார், இந்த முறை காரில், பழக்கூடையோடு. யாரோ ஒரு லோயர் சொன்னாராம், வெள்ளைக்காரர் வழியில் வந்த பெண்ணைக் கட்டினால் மசூர் லண்டனுக்குப் போவது லேசாம். "அரபி ஆருட ஊட்டுலதான் இல்ல, தங்கச்சி? வெள்ளக்காரன் உங்கட ஊட்டுல மட்டும்தான் இரிக்கார்" என்கிறார். நிக்காஹ் இந்த மாதமே வேண்டுமாம், படிப்பை லண்டனில் பார்த்துக்கொள்ளலாமாம், லோயருக்குக் காட்டக் கத்தியை உடனே தர வேண்டுமாம். ஜவுபர் சந்தோஷத்தில் பிஸ்கட் வாங்க ஓடினார். உங்களுக்கும் தந்தி அடிப்பார், நீங்களும் சம்மதிப்பீர்கள், எனக்குத் தெரியும். அரபியும் வெள்ளைக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து என் பிள்ளையை ஒரே பாயில்தான் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

நான் ஹாஜியாரிடம், கத்தியில் மீன் வாடை இருக்கிறது, கழுவிக் காயவைத்துத் தருகிறேன், நாளைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் என்றேன். நல்லது என்று போனார்.

இனி எழுதுவது ஜவுபருக்கும் தெரியாது, றபீக்காவுக்கும் தெரியாது. நாளைக் காலை கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு நான் பேராதனைக்குப் போகிறேன். பெயர் பதிந்து, விடுதியில் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இந்தக் கடிதத்தை அம்பாறையில் பஸ் நிற்கும்போது பெட்டியில் போடுவேன், உங்கள் கைக்கு வரும்போது அவள் பாடத்தில் இருப்பாள். அஸருக்கு ஹாஜியார் வந்தால் கத்தி குசினி ஆணியில் கழுவித் தொங்கும். அவர் கேட்டு வைத்துவிட்டுப் போனது அதைத்தானே.