எங்கள் பங்கில் இல்லாத பிளென்கின்சொப்

மொன்ட்ரியால்-நோர்
22 ஓகஸ்ட் 2006

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் விமலநாதன் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் மாதப் பத்திரிகையும் நலமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். இவ்விடம் நான் சுகம். சுகம் மட்டுமல்ல, வெற்றி.

என் தொடர்கதையைப் பற்றி இன்னும் ஒரேயொரு முறைப்பாடு வந்தாலும் அதை நிறுத்திவிடுவதாகத் தாங்கள் சித்திரை மாதம் எச்சரித்திருந்தீர்கள். தங்கள் கோபம் நியாயமானதே. முதல் கதையில் வில்லனுக்குப் பத்திநாதர் என்று பெயர் வைத்தேன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் சனத்துக்குள், பூசையில் வேத வாசகம் வாசிக்கிற பத்திநாதர் அன்றோடு வாசிப்பதையும் விட்டார், என்னோடு கதைப்பதையும் விட்டார். சரியென்று அடுத்த கதையில் யோசெப் என்று வைத்தால், பங்கில் யோசெப்புகளுக்கு என்ன பஞ்சமா, ஆளுக்கொரு பக்கமாய் முகத்தைத் திருப்பினார்கள். இதற்கெல்லாம் காரணம் இந்த நாட்டு வழக்கம்தான் ஐயா. ஊரில் தகப்பன் பெயர் நம் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாய்ச் சும்மா கிடந்தது. இங்கே வந்து அதைக் குடும்பப் பெயராக்கி, மனைவி பிள்ளைகள் எல்லார் தலையிலும் ஏற்றிவிட்டோம். ஆகையால் கதையில் ஒரு யோசெப்பைத் திட்டினால், அது மோட்சத்தில் இருக்கிற பாட்டனில் தொடங்கி கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் விளையாடுகிற பேரப்பிள்ளை வரைக்கும் போய்ப் பிடிக்கிறது. என் மனைவி அக்னெஸ் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “இனி ஒரு சனம் எங்களோட கோவிச்சுதெண்டால் நான் உங்களோட பூசைக்கு வரமாட்டன்.”

அப்போதுதான் புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில், ஒரு மூலையில் கிடந்த பழைய பெட்டியில் அந்தப் பெயரைக் கண்டேன். பிளென்கின்சொப். ஆங்கிலேயக் குடும்பப் பெயராம். பெட்டிக்கு உரியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பங்கில் அப்படி ஒருவர் இல்லை, மன்னாரில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இல்லை. அவனை என்ன பாடு படுத்தினாலும் வந்து கேட்க ஒரு மச்சான் கிடையாது. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவன் செய்கிற அட்டூழியங்களைத் தாங்களே அச்சிட்டு வருகிறீர்கள். குளியலறையில் நின்றுகொண்டு ஹைவேயில் நிற்பதாகச் சொல்வான். விருந்தில் செபம் சொல்லுமுன்பே இறைச்சியைப் பார்சல் கட்டுவான். இரவல் வாங்கிய சட்டி அவன் வீட்டில் குடியுரிமை பெற்றுவிடும். வெள்ளைக்காரன் நம் ஊர் ஒடியல் கூழை உறிஞ்சிக் குடித்துவிட்டு நண்டு போதாதென்று குறை சொல்வானா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். பெயர் மட்டும்தான் ஐயா வெள்ளைக்காரனுடையது. திருமதி பிளென்கின்சொப்புக்கு ஏன் ஒரு வசனமும் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். கதைக்குத் தேவைப்படவில்லை. அவள் தன் பாட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி வெற்றிக்கு வருகிறேன். முந்தநாள் ஞாயிறு எங்கள் பங்கில் மடு மாதா திருநாள். மாதாவின் சுரூபம் வைக்கும் மேசையும் ஒலிபெருக்கியும் என் வான் வண்டியில்தான் போகவேண்டும், திருநாள் வேலைகளைப் பார்க்கிற அல்பேட் போன் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க, நான் குளித்து ஈரம் துடைத்த துவாயோடு நின்றபடி, அவனை ஏன் வீணாகப் பதறவைக்கவேண்டும் என்ற நல்ல மனதோடு, “ஹைவேயில நிக்கிறன், ஒரே ட்ராபிக்” என்றேன், அவனோ “அண்ணை, பிளென்கின்சொப்பும் உப்பிடித்தான் சொல்லுறவர்” என்று சிரித்தான், பாருங்கள் ஐயா, என் பாத்திரம் சனத்தின் வாயில் ஏறிவிட்டது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிந்தித் தொடங்கிய பூசை பிந்தி முடிந்து மண்டபத்துக்கு வந்தால், எனக்குப் பிறஷர் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், அதனால் செபத்துக்கு முன்பே ஆட்டிறைச்சியில் கொஞ்சம் பார்சல் கட்டிக்கொண்டு நின்றேன். அயல்வீட்டு றோசலின் வந்து, பார்சலைப் பார்த்தபடியே, “அண்ணை, அந்தாள் ஆரெண்டு எனக்குத் தெரியும். அல்பேட் தானே?” என்றாள். அவள் போனதும் அல்பேட் வந்து, “றோசலின்ர மனுசன் பற்றிக்கைத்தானே எழுதிறியள்?” என்றான். பற்றிக் வந்து பத்திநாதர் என்றான். கடைசியில் பத்திநாதரே வந்தார். இரண்டு வருடமாய் என்னோடு கதைக்காத மனிதர் என் கையைப் பிடித்து, “அம்புறோஸ், உன்னை மாதிரித் துணிஞ்சு எழுத ஒருத்தரும் இல்லையடாப்பா” என்று சொல்லிவிட்டு, ஏனோ அக்னெசைப் பார்த்துத் தலையாட்டினார். வரும் ஞாயிறிலிருந்து திரும்ப வாசகம் வாசிக்கப்போகிறாராம்.

ஆக, ஒவ்வொருவரும் அடுத்தவரைத்தான் கண்டார்கள். தன்னைக் கண்டவர் ஒருவரும் இல்லை. கோபமில்லை, முறைப்பாடில்லை, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அக்னெஸ்கூட நான் எழுத எழுத வாங்கி வாசித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். ஆகவே தொடரை நிறுத்தும் எண்ணத்தைத் தாங்கள் கைவிட்டு, இனிமேல் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்கவேண்டும் என்று தாழ்மையோடும் நெஞ்சு நிமிர்வோடும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டு முருகனும் எங்கள் வீட்டு மாதாவும் ஒன்றுகூடித் தங்கள் பத்திரிகையையும் அதன் சந்தாதாரரையும் காக்கட்டும்.

இங்ஙனம்,
என்றும் தங்கள் பணிவுள்ள
அம்புறோஸ்

பி.கு.: ஐயா, நான் அக்னெஸ். தபாலில போடச் சொல்லி என்னட்டத் தந்தவர், கடித உறையை ஒட்ட முந்தி வாசிச்சுப்போட்டன். பிளென்கின்சொப் ஆரெண்டு முதல் மாதமே பங்கு முழுக்கத் தெரியும். முகத்துக்கு நேரை சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்லை, அதுதான் ஆளுக்கொரு பேரைச் சொல்லிச் சமாளிச்சவை. இவர் தன்னைப் பற்றியே இப்பிடித் துணிஞ்சு எழுதிறார் எண்டு பத்திநாதருக்குச் சரியான சந்தோசம். றோசலின்ர பெரிய சட்டி இன்னும் எங்கட குசினியிலதான் கிடக்கு. தயவுசெய்து தொடரை நிறுத்திப்போடாதேங்கோ, அவருக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. என்னைத் தபால் கந்தோருக்கு ஏத்திக்கொண்டு போக வாசலில வாகனத்தோட நிக்கிறனெண்டு இப்பதான் போன் எடுத்தவர். குளியலறையில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. ஒரேயொரு உதவி ஐயா. கடைசி அத்தியாயத்தில அந்தப் பிளென்கின்சொப்பின்ர மனுசியையும் ஒருக்காக் கதைக்க விடச் சொல்லுங்கோ. என்ன கதைக்கவேணுமெண்டு நான் எழுதித் தாறன்.