ஏதேன் உணவகத்தின் மேற்குச் சுவர்

"சூரியனை அறிந்தவனே கட்டடக் கலைஞன், மற்றவன் வெறும் கொத்தனார்."

இதைச் சொல்லிவிட்டு ஆர்க்கிடெக்ட் கங்காதரன் டெலிபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அது சரிங்க சார்," என்றார் மறுமுனையில் இக்னேஷியஸ். "ஆனா நாலு மணிக்கு மேல உள்ள உக்கார முடியல. நேத்து ஒருத்தர் ரவா தோசை சொல்லிட்டு, அது வர்றதுக்குள்ள சட்டையைக் கழட்டிட்டாரு."

இக்னேஷியஸ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபோர்மேனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வந்த பணத்தை எல்லாம் அயனம்பாக்கம் ஏரிக்குள் நாக்கு மாதிரி நீண்டிருந்த ஒரு துண்டு நிலத்தில் கொட்டி, மூன்று பக்கமும் தண்ணீர் சூழ ஒரு கண்ணாடி உணவகம் கட்டியிருந்தார். உள்ளே செடிகள், செடிகளுக்கு நடுவே மேஜைகள். பெயர் ஏதேன்.

கங்காதரனுக்கு அவரைப் பிடித்துப் போனதற்குக் காரணம், முதல் சந்திப்பில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்: "நாங்க கிறிஸ்தவங்க சார். வாஸ்து கீஸ்துல்லாம் பாக்கமாட்டோம்."

சென்னையில் பாதி வீடுகளின் வாசற்படி இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கங்காதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. டிரேசிங் தாளில் அவரே உட்கார்ந்து வரைந்தார். கிழக்கே முழுக்கக் கண்ணாடி. காலை இளவெயிலும் ஏரியும் உள்ளே வரும். மேற்கே இரண்டடி கனத்தில் மண்சுவர். அதன் தெற்கு மூலையில் சமையலறை. மின்விசிறி கிடையாது. கட்டடமே மூச்சு விட்டுக்கொள்ளும்.

கட்டும்போது நாலைந்து தடவை வந்தார். காரில் தூங்கிக்கொண்டே வருவார், உச்சிவெயிலில் இறங்குவார், மண்சுவரைத் தடவுவார், "வளருது" என்பார், சாப்பாட்டுக்கு அடையாறு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"அது ஏரித் தண்ணியில பட்டுத் திரும்பற வெளிச்சம்," என்றார் இப்போது டெலிபோனில். "கண்ணாடி நெடுக வெட்டிவேர்த் தட்டி கட்டுங்க. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க."

"சார், ஒண்ணு சொல்லணும்..."

"முதல்ல செஞ்சுட்டுச் சொல்லுங்க."

செய்தார்கள். அனலோடு ஆவியும் சேர்ந்தது. உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு இட்லியின் கஷ்டம் புரிந்தது.

அடுத்த யோசனை, கூரைமேல் புடலங்கொடி. கொடி நன்றாகப் படர்ந்தது. கூடவே கம்பளிப்பூச்சிகளும் வந்து, இடுக்கு வழியாக இறங்கி, ஒன்று சாம்பாரில் நீந்தியது. சமையல் மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுத் தன் ஊரான கோவில்பதாகைக்கே போய்விட்டார். இக்னேஷியஸின் மனைவி ஜெயசீலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"அந்த ஆர்க்கிடெக்டாண்ட இன்னிக்காவது சொல்லுவியா மாட்டியா?" என்றாள் கணவனிடம்.

"சொல்லலாம் இரு. அவரு பேசறதை நிறுத்தணும்ல."

சித்திரையில் ஏரி வற்றியது. தண்ணீர் போயும் அனல் போகவில்லை. கங்காதரன் அசரவில்லை. "இப்ப வர்றது காய்ஞ்ச மண்ணோட அனல். கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சிடுங்க."

அடித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை; வெளியே போனவர்களுக்கு அது உணவகம் என்றே தெரியவில்லை. புதிதாகத் திறந்த கட்டணக் கழிப்பறை என்று நினைத்து ஒருவர் அவசரமாக நுழைந்து, லேடீஸ் எந்தப் பக்கம் என்று மனைவிக்காக விசாரித்தார். அந்த வாரம் உள்ளே வந்த ஒரே ஆள் அவர்தான். உள்ளே இருந்த பெரணிச் செடிகள் கருகின. இக்னேஷியஸ் காலையில் கதவைத் திறப்பார், ராத்திரி சாத்துவார். நடுவே செய்ய எதுவும் இல்லை.

அப்போதுதான் கங்காதரனுக்கு வாழ்நாள் வாய்ப்பு வந்தது. குமணன்சாவடியில் லாரி ஷெட் வைத்து வளர்ந்த லோகநாதன், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் பொறியியல் கல்லூரி தொடங்கப்போகிறார். வளாகம் முழுவதையும் ஒரே ஆளிடம் தருவதாகச் சொன்னார். ஆனால் அந்த ஆள் கட்டியதில் ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

"செவ்வாய்க்கெழம வரேன். நாலரை வரைக்கும் ராகு காலம், அதுக்கப்புறம்."

கங்காதரன் ஏதேனுக்குச் சாயங்காலத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. சுண்ணாம்பைச் சுரண்டி, தட்டிகளைக் கழற்றி, கருகிய செடிகளுக்குப் பச்சைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள்.

லோகநாதன் நுழைந்ததும் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு துண்டைப் பிழிந்தார்.

"இன்னா சார் இப்டி வேவுது? இதுலயா என் பசங்க குந்திகினு படிக்கணும்?"

"ஒரு நிமிஷம்," என்றார் கங்காதரன் மெதுவாக, அர்ச்சனைக்குக் கூப்பிடுவதுபோல. "இந்தக் கட்டடத்தோட ஆத்மா இந்தச் சுவர்லதான் இருக்கு. தொட்டுப் பாருங்க. சாயங்கால வெயில் மொத்தத்தையும் இது வாங்கிக்கும். உள்ள ஒரு பொட்டு விடாது. இதுதான் மேற்கு."

லோகநாதன் தொட்டார். சுவர் குளுகுளுவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தார்; கண் கூசிக் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெடித்துக் கிடந்த ஏரிக்கு மேலே, தகதகவென்று, உருண்டையாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மேக்கு இதுன்னா," என்றார் லோகநாதன், "அங்க எறங்கிகினு கீதே, அது இன்னா நைனா?"

கங்காதரன் கண்ணாடியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அது... பிரதிபலிப்போட..." என்று தொடங்கினார்.

இக்னேஷியஸ் ஒரு காலி மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த மேஜை.

ஜெயசீலி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அடுப்பு தென்கிழக்குல, அக்னி மூலைல இல்லன்னு வாஸ்துக்காரரு சொன்னாரு சார். அதான் உங்க டிரேசிங் தாளைப் பின்பக்கமாப் பொரட்டிப் போட்டுக் கட்டிட்டாரு இவரு. சொல்றதுக்கு வெக்கப்பட்டுகினே கெடந்தாரு. நீங்க வந்து வந்து தடவிப் பாத்துட்டுப் போனீங்களா, எப்படியும் கண்டுபுடிச்சிருப்பீங்கன்னு நானும் விட்டுட்டேன்."