எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

பக்தி முற்றினால் முதலில் பக்கத்து வீட்டில் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. அதனால் குவைத்தில் நன்றாக இருந்த என் கணவர், பூதலூரில் ஒரு முறை செத்துப் பிழைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சாலமன் அங்கே ஏ.சி. மெக்கானிக், நான் இங்கே பள்ளிக்கூட டீச்சர். அவர் அனுப்பிய பணத்தில் எங்கள் கிறிஸ்துமஸ் வருடா வருடம் பருத்துக்கொண்டே போனது. முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு என்று டிசம்பர் முழுக்க அடுப்படிதான். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் தட்டு போயாக வேண்டும். அந்த வருடம் போதகர் மார்த்தாளையும் மரியாளையும் பற்றிப் பிரசங்கித்தார். வேலை வேலை என்று ஓடிய மார்த்தாளை இயேசு மெச்சவில்லை, காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாளைத்தான் மெச்சினார். போதகர் என்னையே பார்த்துப் பேசியது போல இருந்தது. (என் தலைக்கு நேர் பின்னால் கடிகாரம் மாட்டியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.)

அன்றே மரியாள் ஆகிவிட்டேன். பலகாரம் கிடையாது, வாசலில் நட்சத்திரம் கிடையாது. தினமும் வெள்ளைப் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம். மனம் ஜெபத்தில் நின்றதா என்றால், எங்கே? கண்ணை மூடினால் அதிரசப் பாகு கொதித்தது.

பக்கத்து வீட்டுக் கல்யாணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"என்ன டீச்சர், இன்னும் சட்டி வைக்கல போலருக்கே?"

"இந்த வருஷம் வேண்டாம்னு இருக்கேன்க்கா." முகத்தில் வரவழைக்க முடிந்த சாந்தத்தையெல்லாம் வரவழைத்துக்கொண்டேன். "எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு."

அக்கா உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் பக்கம் பண்டிகைக்கு ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை என்றால் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று பொருள். இதில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் கிடையாது. எனக்கும் தெரியும்தான். மரியாளுக்கு மறந்துவிட்டது. குவைத்திலிருந்து தந்தி வந்திருக்கும், பாவம், டீச்சர் தனியாக மென்று விழுங்குகிறார் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. உரம் வாங்க ஒரத்தநாடு போன அக்காவின் கணவர், அங்கே இருக்கும் என் மாமியாரைப் பார்த்து, "மனச தேத்திக்குங்கம்மா, டீச்சர் சட்டிகூட வைக்கல" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மாமியார் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"ஐயோ சாலமா! என்னப் பெத்த ராசா!"

பின்னால் தெருவே வந்தது. கல்யாணி அக்கா கையில் ஒரு தூக்கு நிறைய ரசம் சோறு.

இப்போது சிரிக்கலாம். அப்போது முடியவில்லை. தெருவில் போன் இருந்தது கல்யாணி அக்கா வீட்டில் மட்டும். குவைத்திலிருந்து போன் வந்தால் அங்கேதான் வரும். இரண்டு வாரமாக சாலமன் பேசவும் இல்லை. இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்களோ எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். கட்டிக்கொண்டு அழுதோமே தவிர, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அவரக் குடுத்துடுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அதிரசம் ஞாபகத்துக்கே வரவில்லை.

பக்கத்து வீட்டில் போன் அடித்தது. எடுக்க ஓடிய கல்யாணி அக்கா அலறியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

"டீச்சர்! உங்க வீட்டுக்காரரு... அவரே பேசுறாரு!"

ஓடிப் போய் வாங்கினேன்.

"ரெண்டு வாரமா லைனே கெடைக்கல. ஏன் எல்லாரும் அழுவுறீங்க? யாரு செத்தது?" என்றார் சாலமன்.

"நீங்கதாங்க" என்றேன்.

மாமியார் மகனிடம் பேசி முடித்தார், கண்ணைத் துடைத்தார், நேராக என் அடுப்படிக்குப் போனார். "அரிசி மாவு எங்க வச்சிருக்க?" என்றார். துக்கம் கேட்க வந்தவர்கள் இருந்து முறுக்குப் பிழிந்துவிட்டுப் போனார்கள். ரசம் சோற்றையும் அவர்களே தின்றார்கள்.

அன்று தரையில் உட்கார்ந்து செய்தது போல ஒரு ஜெபம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவும் வேண்டாம். சாலமன் ஊரோடு வந்து வெகு நாளாகிறது. டிசம்பர் பிறந்தால், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே குரல் கொடுப்பார்.

"என்ன டீச்சர், நான் இருக்கனா, போயிட்டனா?"

"எண்ணெய் காயுது. இருக்கீங்க" என்பேன்.