கப்பல் சாருக்கு எதிர்ப்பக்கம்

திருச்சி மாநகரிலேயே நீச்சல் தெரியாமல் படகு கட்டிய ஒரே மகானுபாவர் எங்கள் 'கப்பல் சார்'தான். புத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருந்தார். தனிக்கட்டை. கார் கிடையாது, ஆனால் கார் நிறுத்த இடம் இருந்தது. அந்த இடத்தில் படகு கட்டினார். எதற்கு என்றால், உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளவாம். அள்ளச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

முதல் படகின் அடிப்பாகம் கூர்மை. "சும்மா கிழிச்சிட்டுப் போகும் பாருங்க" என்றார். அவர் ஏறி உட்கார்ந்ததும் படகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. சாரைத் தனியாகவும் படகைத் தனியாகவும் கரைக்கு இழுத்தோம். நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்தான்.

அடுத்ததைத் தட்டையான அடியோடு கட்டினார். வெறுமனே விட்டால் தாம்பாளம் மாதிரி மிதந்தது. ஆனால் கால் நனையக் கூடாது என்று, உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பலகைத் தரை அடித்து, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுவிட்டார். பாரமெல்லாம் மேலே ஏறிவிட்டது. ஒரு கொத்து தாமரையை இழுக்க அவர் குனிந்தால், படகும் கூடவே குனியும்.

அதற்கு அவர் கண்ட வைத்தியம்தான் பிரமாதம். ஞாயிறு காலையில் வீடு வீடாக மணியடிப்பார்.

"எதிர்ப்பக்கம் ஒருத்தர் உட்காரணுங்க. வேற வேலையே இல்ல, சும்மா உட்காந்தா போதும்."

கொஞ்சம் சதைப்பிடிப்பானவர்கள் எல்லாம் ஞாயிறுதோறும் வெளியூர் போக ஆரம்பித்தார்கள். ஒருமுறை கீழ்வீட்டு டீச்சரம்மா பாவம் பார்த்து ஏறினார். அவர் பக்கம் படகு தாழ, சார் நாற்காலியோடு அந்தரத்தில் நின்றார்.

"எறங்கிடட்டுமா சார்?"

"ஐயோ, அசையாதீங்கம்மா! நீங்க எழுந்தா நான் காலி!"

கடைசியில் மாட்டியவன் நான். ஒரு கொத்து அள்ளுவார், ஒரு மணி நேரம் பேசுவார். முழங்கால் வலி, தக்காளி விலை, தனி ஆளுக்கு ரசம் வைப்பதில் உள்ள சங்கடம் என்று போகும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு அது.

காட்டூரில் ஃபைபர் தொட்டி செய்யும் நண்பர் ஒருவர் ஒருநாள் வந்து படகைப் பார்த்தார். "அந்தத் தரையை அடியோட ஒட்டி இறக்கிடுங்க. தனி ஆளா போனாலும் கல்லு மாதிரி நிக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன்.

துடுப்பைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அது எனக்கு எப்பவோ தெரியுமே."

"அப்பறம் ஏன் சார் இறக்கல?"

"இறக்கிட்டா, உங்களை வாங்கன்னு எதைச் சொல்லிக் கூப்பிடறதுங்க?"

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை.

அப்புறம் எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் ஊருக்குப் போனபோது வாய்க்கால் கரையில் நின்று பார்த்தேன். தரையை இறக்கியிருந்தார். நாற்காலியைக் காணோம். படகின் அடித்தரையில் தன்னந்தனியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை எட்டி நீட்டித் தாமரையை இழுத்துக்கொண்டிருந்தார். படகு துளிகூட சாயவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சார், நானும் வரேன்!" என்று கத்தினேன்.

"வேணாங்க, இப்பல்லாம் உள்ள தண்ணி நிக்குது. பேன்ட் நனைஞ்சிரும்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் படகைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.