ஓரத்தில் ஒரு கை

முருகன் படத்துக்கே நோட்டீஸ் அனுப்பிய மனிதர் மலாயா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருந்திருப்பார். காஜா பெராங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருக்கு ஊர் வைத்த பெயர் நோட்டீஸ்காரர்.

யார் வீட்டிலாவது பழைய படம் மாட்டியிருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், தபால் வந்துவிடும். "தாங்கள் மாட்டியிருக்கும் படம் என் கேமராவில் பிடித்தது. அனுமதியின்றி மாட்டியது குற்றம். படத்துடன் நேரில் வரவும்." படத்தைக் கண்ணால் பார்க்காமலே அனுப்புவார். முடிவெட்டும் கடைக்காரர் பயந்துபோய், சட்டம் போட்ட முருகனைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்.

"ஐயா, முருகன நீங்க எப்ப புடிச்சீங்க?"

நோட்டீஸ்காரர் பூதக்கண்ணாடியால் நான்கு ஓரத்தையும் பார்த்துவிட்டு, "இது நம்மளுது இல்லலா, கொண்டு போ" என்றாராம். ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு மறு வருஷம் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. கூடத்தில் தொங்கிய, ஆறு மாதக் குழந்தையாக நான் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தைக் கழற்றிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

"என் மூஞ்சி எனக்குச் சொந்தமில்லையா ஐயா?"

அவர் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடி ஓரமாகப் போய் நின்றது. குழந்தை சாய்ந்துவிடாதபடி, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் நான் அதைக் கவனித்ததில்லை.

"சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாரு தம்பி. என் சம்சாரம். பிள்ளைங்கள அவதான் புடிச்சுக்குவா. அவள நான் ஒரு படங்கூட எடுக்கல. நாளைக்கு எடுக்கலாம்னே இருந்துட்டேன். ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போய்ட்டா. கடையில இருந்த, படம் புடிச்ச கண்ணாடித் தகடெல்லாம் குண்டு விழுந்து போச்சு."

"நேராவே கேட்டிருக்கலாமே ஐயா?"

"பொண்டாட்டி கையத் தேடுறேன்னு ஊருல எப்படிலா கேக்குறது?"

சண்டைக்கு வந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தயங்கித் தயங்கி, "உங்கம்மா சம்மதிச்சா, இத ஒரு காப்பி எடுத்துக்கலாமா தம்பி?" என்றார். ஊரையே மிரட்டிய மனிதர், என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார்.

படத்தையே விட்டுவிட்டு வந்தேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு யாருக்கும் நோட்டீஸ் வரவில்லை.

என் குழந்தை முகம் எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. போகட்டும். அவர் சாகும்வரை தினமும் பார்த்த அந்தக் கைக்குள் நான் இருந்தேன்.