வாதாமரமும் இரட்டை ரிங்கும்

பிஸ்டனில் இரண்டு ரிங் இருந்தால் இன்ஜினுக்கு இரட்டைப் பலம் என்றொரு நம்பிக்கை மனித குலத்தில் நிலவுகிறது. இது பிழை. இதனால் போர் எதுவும் மூளவில்லை என்பதால் சான்றோர் யாரும் திருத்த முன்வரவில்லை. ரிங் என்பது பிஸ்டனின் இடுப்பில் மாட்டும் மெல்லிய இரும்பு வளையம். வெடிக்கிற வாயு கீழே கசியாமல் தடுப்பது அதன் வேலை. ஒன்று மாட்டினால் உரசல் குறைவு, வேகம் அதிகம். இரண்டு மாட்டினால் வேகம் சற்றுக் குறையும், ஆயுள் கூடும். பலத்துக்கும் எண்ணிக்கைக்கும் உறவு கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் குணாளனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வினை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் அவன் தரப் பரிசோதகன். வீடு தேர்வாய் கண்டிகை போகிற சாலையில். வாசலில் ஒரு வாதாமரம். அதன் நிழலில்தான் கம்பெனி பஸ்கள் நிற்கும். அதன் நிழலில்தான் அவன் மனைவி தமிழ்செல்வி காலையில் நாஷ்டாவும் மாலையில் பஜ்ஜியும் விற்பாள். மரம் போனால் பஸ் தள்ளிப் போய் நிற்கும், வியாபாரம் படுத்துவிடும். குணாளனோ பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். அதற்கு ஷெட் வேண்டும். ஷெட்டுக்கு மரம் குறுக்கே நின்றது. திங்கட்கிழமை ஷெட் போட ஆட்கள் வருவதாக ஏற்பாடு.

ஆள் வைத்து மரம் வெட்டுவது ஒரு டெக்னிகல் மனிதனுக்கு இழுக்கு. எனவே விறகுக் கடையில் கிடந்த பெட்ரோல் ரம்பம் ஒன்றை வாங்கி வந்தான். அது ஸ்டார்ட் ஆகவில்லை. ரிங் தேய்ந்திருந்தது. ஒற்றை ரிங் பிஸ்டன் ஒன்று, இரட்டை ரிங் பிஸ்டன் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கினான்.

"ஞாயித்துக்கெழம மரம் இருக்காது," என்று சனிக்கிழமை காலையில் அறிவித்தான்.

"சரிங்க," என்றாள் தமிழ்செல்வி.

கல்யாணமான நாள்முதல் அவனை 'இன்னாயா' என்று கூப்பிட்டவள் அவள். திடீரென்று 'ங்க' வந்ததை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

"ஏங்க, ஒரு ரிங்கா, ரெண்டு ரிங்கா?"

"ரெண்டு."

"அந்தோணியண்ணன் ஒண்ணு போதும்னுச்சே."

குணாளன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "தெருமுனையில பைக்கு ரிப்பேர் பண்றவன். அவனுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நீங்களே கேட்டுக்கோங்க. நாஷ்டாவுக்கு வரச் சொல்லிக்கீறேன்."

அந்தோணி வந்தான். இட்லிக்கு முன்பே ஆரம்பித்தான்.

"ஒரு ரிங்கு போடு நைனா. மிஷின் பறக்கும்."

"பறக்கறதுக்கு அது இன்னா ஏரோப்ளேனா? ரெண்டு போட்டா பத்து வருசம் உழைக்கும்."

"ஒரு மரம் வெட்டறதுக்குப் பத்து வருசம் எதுக்குப்பா?"

இதற்குப் பதிலாக குணாளன் மத்தியானம்வரை கம்ப்ரஷன் பற்றிப் பேசினான். விவாதம் ஓய்கிற மாதிரி தெரிந்தபோதெல்லாம் தமிழ்செல்வி ஒரு வடையும் ஒரு சந்தேகமும் கொண்டுவந்தாள். "ரெண்டு போட்டா சூடு ஏறாதாண்ணா?" என்று அந்தோணியிடம். "ஒண்ணு போட்டா சீக்கிரம் தேஞ்சிடாதாங்க?" என்று புருஷனிடம். சனிக்கிழமை அப்படியே வடையில் கரைந்தது.

ஞாயிறு காலை குணாளன் யாரையும் கேட்காமல் இரட்டை ரிங்கை மாட்டினான். கயிற்றை இழுத்தான். ரம்பம் உறுமியது. மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அந்தோணி வேடிக்கை பார்க்க வந்து நின்றான். ரம்பத்தை உயர்த்திக்கொண்டு குணாளன் மரத்தை நெருங்கினான்.

"ஒரு நிமிசங்க. புது ரிங்குதானே?" என்றாள் தமிழ்செல்வி.

"ஆமா."

"நம்ம ஸ்கூட்டர் ரிங்கு மாத்தினப்போ, புதுசு பழகற வரைக்கும் வெரட்டக் கூடாதுன்னு எங்கம்மா ஊட்டுக்குக்கூட என்னை ஓட்ட உடலியே நீங்க."

குணாளன் ரம்பத்தை அணைத்தான். விதி சரியானது. அவன் விதித்த விதி.

"எடுத்த எடுப்புல இம்மாம் பெரிய மரத்துல வச்சா ரிங்கு கீறிக்காதா? அந்தோணியண்ணன் சிரிக்கும்ல."

அந்தோணி அதற்குத் தயாராகவே இருந்தான்.

"அப்ப இன்னா பண்றது?" என்றான் குணாளன்.

"மெல்லிசா எதனா அறுத்துப் பழக்குங்க."

வீட்டுக்குப் பின்னால் ஒரு லோடு சவுக்குக் கட்டை இறங்கியிருந்தது. அது எப்போது வந்தது என்று கேட்க குணாளனுக்குத் தோன்றவில்லை. ரிங்குக்கு நோகாமல், ஒரே அளவாக, அடுப்பில் நுழைகிற நீளத்துக்கு, பொழுது சாயும்வரை அறுத்தான்.

"இன்னும் நாலு லோடு அறுத்தா நல்லாப் பழகிடும்," என்றாள் தமிழ்செல்வி.

தரப் பரிசோதகன் என்ற முறையில் அவனும் அதை ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் ஷிப்டுக்குப் போன பிறகு ஷெட் ஆட்கள் இரும்புக் குழாய்களோடு வந்தார்கள். மாலையில் அவன் திரும்பியபோது வாதாமரத்தைச் சுற்றி அதே குழாய்களில் புது பெஞ்சுகள் போடப்பட்டிருந்தன. ஒன்றில் அந்தோணி உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.