மேல்மாடி டிரம்மரின் ஆயத்தங்கள்

உலகத்தில் டிரம் வாசிப்பவர்கள் ஒரு வகை. டிரம் வாசிக்கத் தயாராகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வாசிப்பார்கள், கைதட்டல் வாங்குவார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்கள் தலைக்கு மேல் யாரும் குடியில்லை.

என் தலைக்கு மேல் ஒருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கட்டடமே அவரை டமாரம் என்றுதான் சொல்லும். பெயர் வைத்த புண்ணியவான் நான். ஒரு பாட்டுக் குழுவில் டிரம்மர் விலகிவிட்டார், அந்த இடத்துக்கு ஆள் தேர்வு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குக் கை நிற்கவில்லை. சாப்பாட்டு மேசை கிடைத்தால் மேசை, மேசை இல்லையென்றால் தொடை, தொடை வலித்தால் பக்கத்தில் நிற்பவர் முதுகு, லிஃப்ட் கதவு, மாடிப்படிக் கம்பி, கடைக்கு வந்த பெரியவரின் கண்ணாடிக் கூடு என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டித் தீர்த்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று நம் முகத்தையே பார்ப்பார். என்ன சொல்வது? "பிரமாதம்" என்பேன். வேறு எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை தட்டுவார்.

இந்த இனத்துக்கு ஆயத்தம்தான் உயிர். குச்சியை மோந்து பார்த்து வாங்குவார்கள். மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவுவார்கள். ஸ்டூலை ஒரு திருகு ஏற்றி, இரண்டு திருகு இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். வாசிக்கும்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்பதற்கே தனிப் பயிற்சி உண்டு. நம்மவர் கண்ணாடி முன்னால் நின்று அரைக்கண் மூடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முகம் கண்டுபிடித்திருந்தார். பல்வலியோ என்று அவர் மனைவி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாராம்.

இதற்கு முன் வந்த வாய்ப்புகளுக்கெல்லாம் "இன்னும் தயாராகல" என்று அவர் போகவே இல்லை. அந்த அம்மாள் பொறுமையாகத்தான் இருந்தார். வீட்டில் உபரியாக இருப்பது ஒரே அறை. அதில் டிரம். அம்மாளின் தையல் மெஷின் கதவுக்குப் பின்னால் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. இந்த முறை அம்மாளின் குரல் என் வீட்டுக்கே தெளிவாகக் கேட்டது.

"இந்தத் தடவை தேறலேன்னா அந்த ரூம் என் மெஷினுக்கு. சொல்லிட்டேன்."

"தேறிட்டா?"

"மெஷின வித்துடறேன். போதுமா?"

அப்புறம் பயிற்சி சூடு பிடித்தது. குழுவின் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிப்பார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வாசித்தார். என்னை மேலே கூப்பிட்டு ஸ்பீக்கரை அலறவிட்டு வாசித்துக் காட்டினார். ஓர் அடி பிசகவில்லை. அறை இனி டமாரத்துக்குத்தான் என்று நானே முடிவுகட்டி, வேறு வீடு பார்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

தேர்வு ஒரு பெயிண்ட் கடையின் கிடங்கில். அங்கே டிரம் இருந்தது. ஆனால் சொந்த ஸ்டூல் இல்லாவிட்டால் இவருக்குக் கால் ஓடாதாம். ஸ்டூலைத் தூக்கியது யார்? நான்தான். உட்கார்ந்தார். திருகினார். அரைக்கண் மூடினார். உதட்டைக் கடித்தார். குச்சிகள் மேலே போய் நின்றன.

நின்றன.

"சார், நீங்க ஆரம்பிங்க," என்றார் கிடார்க்காரர்.

"நான் ரெடி. நீங்க போடுங்க."

"எதைப் போடணும்?"

"பாட்டை!"

"பாட்டு நாங்கதான் சார்."

பாடகி சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனால் போகிறதென்று தானே தொடங்கினாள். இவர் அவள் பாட்டுக்குக் காத்திருந்து வாசித்தார். அவள் இவர் தாளத்துக்குக் காத்திருந்து பாடினாள். கிடார்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு, பாட்டு நொண்டி, உட்கார்ந்து, கடைசியில் படுத்தேவிட்டது. இத்தனை நாளும் இவர் வாசித்தது ஒலிப்பதிவில் இருந்த டிரம்மரைப் பிடித்துக்கொண்டு! அந்த ஆள் போய்விட்டதால்தானே ஐயா, இந்த இடமே காலி?

திரும்பி வரும்போது அவர் எதையும் தட்டவில்லை. ஸ்டூலைச் சுமந்த எரிச்சலையும் மீறி எனக்குப் பாவமாக இருந்தது.

மெஷின் அறைக்குள் போயிற்று. அந்த அம்மாள் குத்திக்காட்டவில்லை. தைக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். இப்போது என் தலைக்கு மேல் இரண்டு சத்தம். மெஷின் ஓட, மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இவரும் கூடவே தட்டுகிறார். ஓர் அடி பிசகுவதில்லை. நேற்று அந்த அம்மாள் கேட்டது எனக்கும் கேட்டது:

"ஊசியில நூல் மாத்தறேன். நீங்க ஏங்க நிறுத்திட்டீங்க?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். குளிக்கும்போது ரேடியோவோடு சேர்ந்து அட்டகாசமாகப் பாடுகிறவர்தானே நீங்கள்? அலுவலகக் கூட்டத்தில் யாராவது பேசி முடித்ததும் "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்கிறவரும் நீங்கள்தானே? நாளைக்குப் பாட்டு நடுவில் ரேடியோவை அணைத்துவிட்டு அடுத்த வரியைப் பாடிப் பாருங்கள். ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள். கீழ்வீட்டில் என்னைப் போல் ஒருவன் குடியிருக்கலாம். அவன் உங்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.